பெஸ்தான் துரையின் வாய்

பெஸ்தான் துரைக்குச் சுருட்டு என்றால் உயிர் என்பது மண்ணூருக்குத் தெற்கே உள்ள கிராமங்கள் அத்தனைக்கும் தெரிந்த சங்கதி. அவர் போய்ச் சேர்ந்து மூன்று நான்கு தலைமுறை ஆகிவிட்டது. அவரோடு உட்கார்ந்து பேசியவர் எவரும் உயிரோடு இல்லை. மூக்கு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட ஊரில் கிடையாது. இருந்தும் ஆடி மூன்றாம் ஞாயிறு அவர் கல்லுக்கு முன்னால் வைக்கிற சுருட்டு உறையூர்ச் சுருட்டா திண்டுக்கல் சுருட்டா என்று ஒரு வருஷம் மண்டை உடைந்திருக்கிறது. மனுஷன் சாமியாகிவிட்டால் அவனுக்கு என்ன பழக்கம் இருந்தது என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது.

அந்த இடத்துக்குப் பெஸ்தான் மேடு என்று பெயர். ஒன்றரை ஏக்கர். ஒரு கிணறு, கொஞ்சம் கத்தரி வெண்டை, நாகப்பனின் ஓட்டு வீடு, அதன் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல். கல்லுக்கு அடியில் துரை படுத்திருக்கிறார். பம்பாய்ப் பக்கத்துப் பார்சிக்காரர். தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மேட்டில் கஞ்சித் தொட்டி வைத்தார், வெள்ளைக்காரனிடம் ஏழைகளுக்காக வாதாடினார், கடைசியில் இங்கேயே வாந்தி பேதியில் விழுந்தார். சாகும்போது பக்கத்தில் இருந்தது நாகப்பனின் பூட்டனோ ஓட்டனோ ஒருவன். துரை அவன் கையைப் பிடித்து, "என் வாயை நனைக்கிற வரைக்கும் இந்த மண்ணு உன்னுது" என்றாராம். அன்று முதல் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு 'வாய் நனைப்பு' என்கிற உரிமை. ஆடியில் ஒரு நாள் துரையின் பெயரால் சாராயத்தை வாயில் ஊற்றி நெருப்பில் ஊத வேண்டும். ஒரு நாள் வேலைக்கு மற்ற நாளெல்லாம் பயிற்சி தேவைப்பட்டது. துரைக்காக நனைகிற வாய் காய்ந்து கிடக்கலாமா என்று நாகப்பனின் அப்பா கேட்பார். ரத்தமாக வாந்தியெடுத்துச் சாகிற வரைக்கும் அவருடைய வாய் காயவில்லை. நாகப்பன் மண்ணூர் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் பிரஸ்ஸில் நிற்கிறான். ஷிப்டு முடிந்ததும் அவனும் பயிற்சிக்குப் போய்விடுவான். மலிவுவிலை மதுக் கடைகளை மூடியாகிவிட்டது என்று அரசாங்கம் அறிவித்தது. துரைக்கு மட்டும் தட்டுப்பாடு வரவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனிக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு. மேட்டின் பட்டா இன்னமும் பெஸ்தோன்ஜி கான்ட்ராக்டர் என்ற துரையின் அசல் பெயரில் இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. நாகப்பன் தன் சொந்த வீட்டில் ஒரு செத்த மனிதருக்கு வாடகை கொடுக்காத குடியிருப்புக்காரன் என்று ஆகிப்போனான். அவன் மனைவி கனகம் அன்று உலை வைக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர் செந்தமிழன். பெற்றவர்கள் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் மூன்றாவதைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த பெயர். பிள்ளை தங்கியது, பேச ஆரம்பித்தது, பிறகு நிறுத்தவே இல்லை. கட்சியில் சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை; மைக்கை யார் பிடுங்கப்போகிறார்கள் என்பதுதான் கவலையாக இருந்தது. அவர் ராயபுரம் போய், பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில் வாசலில் விசாரித்து, துரையின் கொள்ளுப் பேத்தி ஒருத்தி உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆடி மூன்றாம் ஞாயிறு அந்த அம்மாள் வருவதாக ஏற்பாடு. அதே நாள் வருவாய் ஆய்வாளர் பரசுராமனும் ஸ்தலத்தைப் பார்க்க வருகிறார். பேத்தி ஒரு கையெழுத்துப் போட்டால் மேடு நாகப்பனுக்கு.

ஞாயிறு காலையிலிருந்து ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கனகம் கூழ்ப் பானையைத் துணியால் மூடிவிட்டு நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நாத்தனார் லீலா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அந்தம்மா கூயு குடிக்குமா?"

"செந்தமிழன் தலைவரு பிரெட்டு வாங்கியாந்துகீறாரு. வெண்ணெயும் கீது. தொட்டுக்கினு துன்னட்டும்."

"துரைசானிகிட்ட இங்கிலீசுல யாரு பேசறது?"

"அதுக்குத்தான் உங்கண்ணனை இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஊத்தாம வெச்சிகீறேன். ஊத்தினா தமிழே வராது."

மைக் செட் கடையிலிருந்து வந்த மடக்கு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த நாகப்பன் நிமிர்ந்தான். "இன்னாமே, நல்ல நாளு அதுவுமா? துரை கேட்டுக்கினு கீறாரு."

"கேக்கட்டும். அவரு பேரச் சொல்லித்தானே தெனமும் போற. அவரு வந்து ஒரு நாள் உன்னைத் தூக்கிக்கினு வந்து வூட்ல போடட்டும் பார்க்கலாம்."

செந்தமிழன் கிணற்றோரம் நின்று வரவேற்புரையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஹானரபிள் லேடி என்ற இடம் வரை பிசகில்லாமல் வந்தது.

மதியத்துக்கு முன் அம்பாசிடர் டாக்சி வந்து நின்றது. முழங்கால் தாண்டிய பூப்போட்ட கவுன், தலையில் கட்டிய சின்னத் துணி, சோடாபுட்டிக் கண்ணாடி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தீனாபாய் கான்ட்ராக்டர் கதவைத் திறந்து ஒரு காலை மண்ணில் ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். செந்தமிழன் மாலையோடு முன்னேறி, "ஹானரபிள் லேடி..." என்று தொடங்கினார்.

"இருப்பா, ஒயுங்கா எறங்க வுடு. இன்னா ரோடு இது? இடுப்பு கயண்டு பூட்ச்சி. வயி பூரா போலீஸ்காரன் நிறுத்தி, யாரு நீ, எங்க போறன்னு என் பையத் தலைகீயா கொட்டறான். யாரு பா இங்க நாகப்பன்? கொஞ்சம் தண்ணி குடு."

மே மாதத்துக் குண்டு வெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வெளியூர் கார் வந்தால் அப்படித்தான் என்று யாராவது சொல்லியிருக்கலாம். வந்திருப்பது துரைசானியா, காசிமேட்டில் மீன் கூறு போடுகிறவளா என்று கூட்டம் திகைத்து நின்றது. செந்தமிழனின் ஆங்கிலம் ஹானரபிள் லேடியோடு நின்றுபோனது.

"இன்னா பா எல்லாரும் இப்டி பாக்கறீங்க? பொறந்தது ராயபுரம், வளந்தது ராயபுரம். ஹார்பர்ல கப்பல் கம்பெனில டைப்படிச்சேன். நான் வேற எப்டி பேசுவேன்?" தண்ணீரைக் குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "கருவாடு வாசனை வருதே. நெத்திலியா?"

பிரெட்டும் வெண்ணெயும் அப்படியே இருந்தன. தீனாபாய் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு சொம்பு கூழ் குடித்தாள். கருவாட்டுக் குழம்பில் விரலை விட்டு நக்கி, "நல்லா வெச்சிகீறம்மா. புளி கொஞ்சம் தூக்கல்" என்று கனகத்திடம் சொன்னாள். பயம் விட்டுப்போன கனகம் அவளுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினாள். ஆய்வாளர் பரசுராமனும் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதைக்குப் பிரெட்டைக் கடித்தார்.

செந்தமிழனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மைக் இல்லாத குறையைக் குரலால் சரிக்கட்டினார். "அம்மையீர்! தங்கள் கொள்ளுப் பாட்டனார், வெள்ளை ஏகாதிபத்தியத்தின் நெஞ்சுக்கு நேரே, கவுன்சிலிலே எழுந்து நின்று முழங்கிய அந்த முழக்கம் இருக்கிறதே..."

"முழங்கினாரு. நெஜந்தான். எங்க நைனா கூட சொல்லும்."

செந்தமிழன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டீர்களா? எதற்காக முழங்கினார் என்பதையும் தாங்களே..."

"சாராய லைசென்ஸு பீஸ கம்மி பண்ணுன்னு."

செந்தமிழன் தூக்கிய கையை இறக்கினார்.

"இன்னா பா? கான்ட்ராக்டர்ன்னு எங்க வூட்டுப் பேரே அதான். செங்கல்பட்டு ஜில்லால பாதிக்கு சாராயக் கான்ட்ராக்டு அவரு கைல. இந்த மேடுதான் டிப்போ. பீப்பா பீப்பாயா இங்க வந்து எறங்கும், மாட்டு வண்டில ஊரூருக்குப் போவும். அதுக்கு முன்னாடி அவனவன் வூட்ல அவனவன் காச்சிக்கினு இருந்தான். காச்சினா ஜெயிலுன்னு வெள்ளக்காரன் சட்டம் போட்டான். போட்டுட்டு, விக்கறதுக்கு எங்காளுக்கு ஏலம் வுட்டான்."

"ஆனால் காங்கிரசுக்கு..." செந்தமிழனின் குரலில் சுதி இறங்கியிருந்தது.

"குட்த்தாரு. ஆயிரத்தெட்நூத்தி எம்பத்தேழுல மெட்ராஸ்ல கூட்டம் போட்டாங்க இல்ல, அந்தப் பந்தலுக்குக் குட்த்தாரு. அதே வருஷம் ராணிக்கு ஜூபிலி. அதுக்கும் குட்த்தாரு. எங்காளுங்கள்ல ஒருத்தரு லண்டன் பார்லிமெண்டுலயே போயி குந்திக்கினு, எங்க ஊரு துட்டெல்லாம் இங்க வந்து ஏன் கொட்டுதுன்னு வெள்ளக்காரன் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. அவரு பெரிய மனுஷன். அவரு போட்டோ எங்க வூட்டு மாடில கீது. கீய கூடத்துல ராணி போட்டோ. வர்றவன் யாருன்னு பாத்துட்டு, கூடத்துல குந்த வெக்கறதா மாடிக்கு ஏத்தறதான்னு பெஸ்தோன்ஜி முடிவு பண்ணுவாரு."

லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாகப்பன் அவளை முறைத்தான். "கஞ்சி ஊத்தினாரே அம்மா, தாது வருஷத்துல? அது நெஜந்தானே?"

"அதுவும் நெஜம். டிப்போ வாசல்ல தொட்டி வெச்சி ஊத்தினாரு. பள்ளிக்கூடம் கட்னாரு, ஆஸ்பத்திரிக்கி வார்டு கட்னாரு. நான் இல்லன்னு சொல்லல. கஞ்சிக்கு வந்து பொயச்சவன் அடுத்த வருஷம் சாராயத்துக்கு வந்தான். அதையும் சொல்லணும் இல்ல?"

கனகம் மெதுவாகத் தன் விஷயத்துக்கு வந்தாள். "அம்மா, அவரு எப்டி இருந்தா எங்களுக்கு இன்னா? நாங்க இந்த மண்ணுலயே கெடக்கறோம். நீங்க ஒரு எயுத்து குடுத்தா..."

"உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன் கண்ணு. நான் எயுதிக் குடுத்தா செல்லாது. வாரிசுங்க பம்பாய்ல கீறாங்க, கராச்சில கீறாங்க, லண்டன்ல கீறாங்க. எவன் எவனோட பேசறான்? பாதிப் பேருக்கு நான் உசுரோட கீறதே தெரியாது. அத்தினி பேரும் கையெயுத்து போட்டாத்தான் ஆவும்."

கனகத்தின் முகம் சுண்டிப்போனது. அவள் ஆய்வாளரைப் பார்த்தாள். அவர் பிரெட்டை விழுங்கினார்.

"உண்மைதான்மா. துரை சாகும்போது சொன்னாருன்னு நீங்க சொல்றதெல்லாம் ரெவின்யூல நிக்காது. இந்தக் கல்லு பட்டாதாரரோட சமாதின்னா, நிலம் அவங்க குடும்பத்தைச் சேர்ந்தது. உங்க முன்னோரைப் பொதைச்ச இடம்னா கதை வேற. தலைமுறை தலைமுறையா அனுபோகம்னு நான் எழுதி மேல அனுப்பலாம். ஆனா ஊரே துரை சமாதிங்குதே."

செந்தமிழன் மறுபடி எழுந்தார். "அதனால் என்ன? பெஸ்தோன்ஜி நினைவு மண்டபக் குழு அமைப்போம். அரசாங்கமே நிலத்தைக் குழுவுக்குத் தரும். தலைவராக அடியேன் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நாகப்பனுக்கு அங்கேயே வாட்ச்மேன் வேலை."

"எங்க மண்ணுல எங்களுக்கே வாச்மேனா?" என்றாள் கனகம்.

நாகப்பன் எழுந்தான். "மொதல்ல பூசைய முடிப்போம். அம்மா கண்ணால பாக்கட்டும். நாங்க துரைய எப்டி வெச்சிகீறோம்னு பாத்தா, மத்தவங்களுக்கு அவங்களே கடுதாசி போட்டுக் கையெயுத்து வாங்கிக் குடுப்பாங்க." அவனுக்கு அதில் உண்மையான நம்பிக்கை இருந்தது. ஒரு சாமியின் சொந்தக்காரர் முன்னால் அந்தச் சாமிக்குப் பூசை செய்யும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கிணற்றில் நான்கு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தான். கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். முன்னால் புளியங்கட்டை அடுக்கித் தீ மூட்டியிருந்தது. காற்றுக்கு அது படபடத்துச் சாய்ந்தது. நாகப்பன் ஒரு சுருட்டைத் தீயில் பற்றவைத்து, தானே ரெண்டு இழுப்பு இழுத்து, கல்லின் உச்சியில் செருகினான்.

"அய்யய்யே!" தீனாபாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "சுருட்டா? யாருக்கு?"

"துரைக்குத்தான். உசுரு ஆச்சே அவருக்கு."

"எங்காளுங்க சுருட்டைக் கையால தொட மாட்டாங்க பா! நெருப்பு எங்களுக்கு சாமி. அதை வாயில வெச்சி யாரு ஊதுவாங்க?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. லீலாதான் கேட்டாள். "அப்போ இத்தினி வருஷமா வெச்ச சுருட்டெல்லாம் யாரு புடிச்சாங்க?" உறையூர்ச் சுருட்டுக்காக மண்டை உடைந்த பெரியவர் தலையைத் தடவிக்கொண்டார்.

சுருட்டை எடுத்து எறிந்தாயிற்று. நாகப்பன் தோற்றுப்போனதாக நினைக்கவில்லை. பெரிய மரியாதை இனிமேல்தான் வர வேண்டும். அவன் கண் காட்டியதும், லீலாவும் இன்னொரு பெண்ணும் ஒரு வெள்ளை வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கல்லுக்கும் தீக்கும் நடுவில் திரையாகத் தூக்கினார்கள். நாகப்பன் பாட்டிலைத் திறந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். கன்னம் உப்ப ஒரு நிமிஷம் வைத்திருந்தான். பிறகு குனிந்து தீயின் மேல் துப்பினான்.

தீ அவன் முகம் வரைக்கும் நீலமாக எழும்பியது. கூட்டம் "பெஸ்தானய்யா!" என்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு இன்னொரு சத்தம் வந்தது. தீனாபாய் அலறிக்கொண்டிருந்தாள்.

"துப்பறான்! நெருப்பு மேல துப்பறான்! நிறுத்துங்கடா!"

அவள் தலைத்துணியை உருவி வாயைப் பொத்திக்கொண்டாள். கனகம் ஓடிப்போய்ப் பிடித்தாள். இரண்டாவது வாயை ஊற்றிக்கொண்டிருந்த நாகப்பன் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான். பிறகு பழக்கம் ஜெயித்தது. விழுங்கினான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க, இது அவருக்குப் பண்ற மருவாதி..."

"மருவாதியா? நாங்க நெருப்பு முன்னாடி போறப்போ வாயத் துணியால கட்டிக்கினு போவோம். மூச்சுக் காத்து படக் கூடாதுன்னு. எங்க சாமியாரு அப்டித்தான் கட்டிக்கினு கட்டை போடுவாரு. அது மேல எச்சித் துப்பி..." பேச்சு நின்றுவிட்டது. அவள் பார்வை லீலாவின் கையில் போய் நின்றது. "அந்தத் துணி எதுக்கு?"

லீலா வேட்டியை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். "தெரியலம்மா. துரை பக்கம் தீ தெரியாம மறைக்கணும். ஊதி முடிக்கற வரைக்கும் எறக்கக் கூடாது. கண்ணு படும்னு சொல்லுவாங்க."

தீனாபாய் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசியபோது குரலில் இருந்த ராயபுரத்து மிடுக்கு எங்கோ போயிருந்தது.

"எங்க வூட்ல பெஸ்தோன்ஜியப் பத்தி ஒரு பெருமை சொல்லுவாங்க. சாராய வியாபாரம்தான், ஆனா மனுஷன் அவ்ளோ பக்தி. டிப்போல நெருப்பு எரியறப்போ, நெருப்புக்கும் தனக்கும் நடுவுல வெள்ளைத் திரை கட்டச் சொல்லுவாரு. வியாபாரத்துல கூட அக்கினிய அவமதிக்காத மனுஷன்னு எங்க நைனா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நானும் ஸ்கூல்ல சொல்லிகீறேன். திரைக்கு அந்தாண்ட இன்னா நடந்துச்சின்னு எவனும் சொல்லல. நானும் கேக்கல."

"இன்னா நடந்துச்சி?" என்றாள் கனகம்.

"இப்போ கண்ணு முன்னாடி நடந்துச்சே. ருசி பாக்க ஒரு ஆளு இருந்தான்னு தெரியும், அவன் துப்பினது நெருப்புலன்னு இப்பத்தான் புரியுது. சரக்குல வண்டிக்காரன் தண்ணி கலந்துட்டானான்னு பாக்கணும். ஒரு வாய் ஊத்தி ருசி பாத்து, நெருப்புல துப்பணும். எரிஞ்சா நல்ல சரக்கு, அணைஞ்சா தண்ணி. எங்காளு துப்புவாரா? பாவம் வந்துருமே. அதுக்கு ஒரு ஆளு வெச்சிகீறாரு. பீப்பாய்க்கு ஒரு வாயி. காலைலேர்ந்து பொயுது சாயற வரைக்கும் துப்பறது அவன். பாவமும் அவனுக்கு, சாராயமும் அவனுக்கு. திரைக்கு இந்தாண்ட குந்திக்கினு லாபத்தை எண்ணினது எங்க பெஸ்தோன்ஜி."

நாகப்பன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "அந்த ஆளு..."

"உங்க வூட்டு ஆளாத்தான் இருக்கணும். இல்லாட்டி இது உனக்கு எப்டித் தெரியும்?"

"இல்லம்மா. எங்க தாத்தாவுக்குத் தாத்தன் துரைகிட்ட கூட்டாளி மாதிரி. துரை சாவும்போது அவன் கையப் புடிச்சிக்கினு..."

"பெஸ்தோன்ஜி செத்தது ராயபுரத்துல, கட்டில்ல. சமாதியும் அங்கதான் கீது, வெள்ளை மார்பிளு. அவரு நாளுக்கு நான்தான் போயி தொடைக்கறேன், பூ வெக்கறேன்."

மூன்று நான்கு தலைமுறையாக மஞ்சள் பூசிய கல்லை எல்லாரும் புதிதாக யாரோ கொண்டுவந்து நட்டதைப் போலப் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒருவர் அனிச்சையாக ஒரு அடி பின்னால் வைத்தார்.

"அப்போ இதுக்கடில யாரு?" கனகம் கேட்டது கிசுகிசுப்பாகத்தான். எல்லாருக்கும் கேட்டது.

"அவன்தான். நைனா அந்தக் கதையையும் சொல்லும். கொடலு வெந்து சின்ன வயசுலயே செத்துட்டானாம். பெஸ்தோன்ஜி அவனை டிப்போ பின்னாடியே பொதச்சி, கல்லு நட்டு, அவன் புள்ளைங்க இங்கியே இருந்துக்கட்டும்னு வுட்டாராம். வேலைக்காரனுக்குக் கல்லு நட்ட மொதலாளி எந்த ஊர்ல கீறான்னு எங்க வூட்ல கேப்பாங்க." தீனாபாய் கண்ணாடியைக் கழற்றினாள். "அவனுக்கப்புறம் வாயிக்கு அவன் புள்ளையத்தான் வெச்சிருப்பாங்க."

செந்தமிழனின் முகத்தில் ஒரு மண்டபம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. "இருங்க இருங்க. இத்தோட நிறுத்திக்கலாம். ஏம்பா நாகப்பா, இதெல்லாம் வெளில போனா இன்னா ஆவும்? ஊரு சாமிடா! குடிச்சிச் செத்தவனுக்குத்தான் இத்தினி வருஷம் ஊரே கூயு ஊத்திச்சின்னா வாலாஜாபாத்காரன் வாயால சிரிப்பானா?" கொதிப்பில் அவரிடமிருந்து செந்தமிழ் கழன்று, மண்ணாங்கட்டி வெளியே வந்திருந்தார். "சார், நீங்க துரை சமாதின்னே எயுதிக்கோங்க."

"நான் என் இஷ்டத்துக்கு எழுத முடியாது" என்றார் பரசுராமன். அவரும் கலங்கித்தான் போயிருந்தார். வேலை அவரைத் தாங்கிப் பிடித்தது. "இடத்துல இருக்கறவன் சொல்லணும். நாகப்பா, இது யார் சமாதி?"

நாகப்பன் கல்லைப் பார்த்தான். அவன் அப்பா, அவன் தாத்தா, எல்லாரும் கண் சொருகிக் கிடந்தபோதும் சொன்ன ஒரே பெருமை அது. நாங்க துரைக்கு வாய் நனைக்கிற வூடு. கம்பெனியில் சூப்பர்வைசர் எத்தனை திட்டினாலும், அவன் வீட்டுக்கு வந்து அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் படுப்பான்.

"துரை சமாதி சார்" என்றான்.

"யோவ்!" கனகம் எழுந்தாள். "காதுல இன்னா வெச்சிக்கினு இருந்த? அந்தம்மா இத்தினி நேரம் சொன்னது இன்னா?"

"சும்மா இரு கனகம். எங்கப்பன் மேல ஆணையா சொல்றேன், இது துரைதான். நான் ஊரு முன்னாடி நின்னு, எங்க வம்சம் எச்சித் துப்பற கூலிக்காரன்னு சொல்லணுமா?"

"சொல்லு. துரைன்னு சொன்னா நாளைக்கு வாச்மேன். குடிச்சிச் செத்த கூலிக்காரன்னு சொன்னா ஒன்ரை ஏக்கரு. நான் இருக்கறதுக்கு வூடு. உனக்கு இன்னா வேணும்?"

"மானம் வேணும்."

"அதை எங்க வெச்சிகீற? பாட்டில்லியா?" அவள் குரல் உடைந்தது. "உங்கப்பன் ரத்தம் கக்கினப்போ நான்தான்யா சட்டில புடிச்சேன். அப்பவும் கண்ணத் தொறந்து, துரை கூப்புடறாருன்னு சொல்லிட்டு செத்தாரு. எந்தத் துரை கூப்ட்டாரு? இங்க எந்தத் துரை கீறான்? படுத்துக்கினு இருக்கறது உங்காளு. கொடலு வெந்தவன். அவன் ஒருத்தனாவது இத்தினி வருஷத்துல உங்கள்ல எவனையாவது போதும்டான்னு சொல்லியிருக்க மாட்டானா? நீங்க கேட்டீங்களா?"

திரையைப் பிடித்திருந்த லீலாவின் கை தானாகவே இறங்கியது. தீ அவிந்துகொண்டிருந்தது.

நாகப்பன் தரையில் உட்கார்ந்தான். ஆய்வாளரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்காளு சார். எங்க வூட்டு ஆளு. குடிச்சிச் செத்தவன்."

பரசுராமன் பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "அடக்கம் செய்யப்பட்டவர் பெயர்?"

நாகப்பன் லீலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். கூட்டத்தில் இருந்த பெரிய தலைகளைப் பார்த்தான். பெஸ்தோன்ஜியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். இவன் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எல்லாரும் தீனாபாயைப் பார்த்தார்கள்.

அவள் தலைத்துணியால் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். "எங்க வூட்ல பேரு சொல்லிக் கேட்டதில்ல பா. பெஸ்தோன்ஜியோட வாயின்னுதான் சொல்லுவாங்க."

"பேரில்லாம அனுப்பினா மேல படிக்காமலே தள்ளிடுவாங்க" என்றார் பரசுராமன். "ஏதாவது ஒரு பேரு ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"நாகப்பன்னு எயுதுங்க சார்" என்றாள் கனகம்.

"அது உன் வீட்டுக்காரன் பேரும்மா."

"தெரியும் சார். பேருதானே வேணும்? இப்ப எயுதலன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல இதே எடத்துல எயுதத்தான் போறீங்க."

செந்தமிழன்கூட வாயை மூடிக்கொண்டார். பரசுராமன் நாகப்பனைப் பார்த்தார். அவன் மறுத்தால் விட்டுவிடலாம் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நாகப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவன் தலையை ஆட்டினான்.

பரசுராமன் பெயரை எழுதினார். பிறகு காகிதத்தைத் திருப்பி, "தகவல் சொன்னவர்ங்கற இடத்துல நீ ஒரு கையெழுத்துப் போடணும்" என்று பேனாவை நீட்டினார். நாகப்பன் வாங்கி, செத்தவன் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, நாகப்பன் என்று எழுதிக்கொடுத்தான்.